ஒற்றைக்கால் ஜெபம்

மாங்கன்றுவிளை,
1931 ஜூலை 12

மருமகன் தேவகுமாருக்கு மாமன் முத்துநாயகம் எழுதுவது.

நீ சென்னைப் பட்டணம் போய்ச் சேர்ந்ததாக எழுதிய கார்டு கிடைத்தது. முதலில் அது தபால்காரர் யோவானுக்குக் கிடைத்தது. அவர் அதை வழிநெடுக வாசித்துக்கொண்டே வந்திருக்கிறார். என் கைக்கு வரும்போது ஊரில் பாதிப் பேருக்கு உன் சுகம் தெரிந்துபோயிற்று. "டீக்கனாரே, மருமவன் மெட்ராஸ்ல சாட்டம் படிக்கப் போயிருக்காராமே, அதுக்கும் பரீட்சை உண்டா?" என்று சந்தையில் வைத்து ஒருவன் கேட்டான். மழை இல்லாத நேரத்தில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

தங்கை மகன், தேயிலைத் தோட்டத்தில் நாற்காலியில் இருந்து எழுதுகிற கிளார்க்கு என்றுதான் உனக்குக் குளோரியைக் கொடுத்தேன். நீ என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வேலையை விட்டாய். பெண்டாட்டியை என் வீட்டில் கொண்டுவந்து விட்டாய். டிரில் மாஸ்டர் ஆவதற்கு ஒன்பது மாதப் படிப்பாம். பிள்ளைகளுக்குச் சாடவும் குதிக்கவும் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் வேண்டுமா? முப்பத்தைந்து வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் பட்ட பாடெல்லாம் அவர்களை உட்கார வைப்பதற்குத்தான்.

ஆகவே என் தீர்மானத்தைக் கேட்டுக்கொள். நீ மறுபடி ஒரு நாற்காலி வேலையில் உட்காருகிற வரைக்கும் குளோரி இங்கேதான் இருப்பாள். அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் கேட்பதே அவள் வந்த பின்புதான், அதுவும் உண்மை. அவள் சுகம். தபால் வருகிற நேரம் பார்த்து முற்றத்தைப் பெருக்குகிறாள். ஒரே முற்றத்தை எத்தனை தடவை பெருக்குவது?

இனிமேல் கார்டில் எழுதாதே.

முத்துநாயகம்


சென்னை,
1931 ஜூலை 29

மரியாதைக்குரிய மாமாவுக்கு, தேவகுமார் வணக்கத்துடன் எழுதுவது.

உங்களிடம் கேட்காமல் வேலையை விட்டது தப்பு. கேட்டிருந்தால் விட்டிருக்க முடியாது என்பதால்தான் கேட்கவில்லை. அதுவும் தப்புத்தான்.

ஆனால் மாமா, இது வெறும் சாட்டம் அல்ல. முதல் நாளே எங்கள் வாத்தியார் ஒவ்வொருவராக நிறுத்திச் சோதித்தார். உடம்புக்கு ஐந்து குணம் வேண்டும் என்கிறார். தூக்கவும் எழும்பவும் பலம், நெடுநேரம் களைக்காமல் இருக்கத் தாங்குசக்தி, ஓட வேகம், மூட்டுகள் இசைந்து கொடுக்க வளைவு, விழாமல் இருக்க நிதானம். ஒன்று இருந்தால் மற்றது தானாக வராதாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பயிற்சி. நான் நல்ல கட்டுமஸ்தான ஆள் என்று நினைத்துக்கொண்டு போனேன். குனிந்து கால்விரலைத் தொடச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே கை போகவில்லை. நாலு வருஷம் நாற்காலியில் இருந்ததன் பலன் அது. பக்கத்தில் நின்ற ஐம்பது வயது ஆசிரியர் ஒருவர் உள்ளங்கையைத் தரையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இன்னொன்று எழுதுகிறேன், கோபப்படக் கூடாது. போன வருஷம் திருவிருந்து ஆராதனையில், பாயில் இருப்பவர்களுக்குக் குனிந்து அப்பத்தட்டை நீட்டும்போது உங்களுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாகவும், இளைய டீக்கனார் ஞானசிங் ஓடிவந்து தட்டைத் தாங்கியதாகவும், அன்று முதல் அவர்தான் தட்டு எடுக்கிறார் என்றும் குளோரி எழுதியிருந்தாள். இளையவருக்கு வழிவிட்டேன் என்று நீங்கள் ஊரில் சொல்கிறீர்களாம்.

ஒரு பந்தயம் வைக்கட்டுமா? நான் எழுதுகிறபடி பயிற்சி செய்யுங்கள். வருகிற ஈஸ்டர் திருவிருந்துக்கு, ஒருவர் கையும் பிடிக்காமல், கோயில் முழுக்க நீங்களே அப்பத்தட்டைக் கொண்டுபோனால் குளோரியை என்னிடம் அனுப்ப வேண்டும். முடியாமல் போனால் என் படிப்பு பொய். டிரில்லை விட்டு நாற்காலி வேலைக்கே திரும்பிவிடுகிறேன்.

தேவகுமார்


மாங்கன்றுவிளை,
1931 ஆகஸ்டு 10

தேவகுமாருக்கு.

வீட்டுக்குள்ளேயே ஒரு தபால்காரர் இருப்பது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது. குளோரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் உள்ளதத்தானே எழுதுனேன்ப்பா, நீங்க ராத்திரி எண்ணெ தேய்க்கியதையும் எழுதட்டா?" என்றாள். பெற்ற பிள்ளை.

ஞானசிங்குக்கு நான் வழிவிட்டேன் என்பது முழுப் பொய் அல்ல. அவர் தட்டைப் பிடித்தார், நான் விட்டேன். ஆனால் அதன் பிறகு அவர் நடக்கிற நடை இருக்கிறதே. போன ஞாயிறு என்னிடம் வந்து, "ஓய் டீக்கனாரே, ஒமக்கு சுவரோரம் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன், சவத்த இனி எதுக்கு பாயில இருந்து கஷ்டப்படணும்?" என்றார். நாற்காலியை நான் எவ்வளவு உயர்வாக உனக்கு எழுதியிருந்தேன். அன்றைக்கு அந்த நாற்காலியைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

சரி, பந்தயத்துக்குச் சம்மதம். நீ தோற்பாய். அறுபத்துமூன்று வயது முதுகு சென்னைக் காகிதத்துக்கு வளையுமா? இருந்தாலும் எழுது. ஐந்தில் வேகம் மட்டும் எனக்கு வேண்டாம். பரலோகத்துக்கு ஒரு அவசரமும் இல்லை.

முத்துநாயகம்


சென்னை,
1931 ஆகஸ்டு 26

மாமாவுக்கு.

வேகத்தை விட்டுவிடலாம். அப்பத்தட்டோடு ஓட வேண்டியதில்லை. மற்ற நாலையும் எழுதுகிறேன்.

பலத்துக்கு: கை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழும்புங்கள், மறுபடி இருங்கள். பத்துத் தடவை. அது இலேசாகிவிட்டால் முக்காலி. பிறகு கவிழ்த்த உரல். கடைசியில் தரையோடு ஒட்டிக் கிடக்கிற கொரண்டிப் பலகை. பலகையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பிவிட்டால் பாயில் இருந்தும் எழும்பலாம்.

வளைவுக்கு: பாயில் காலை நீட்டி இருந்து, விரலைத் தொடப் பாருங்கள். வலிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னேயே நிறுத்தி மூச்சை விடுங்கள். வெட்டி இழுக்கக் கூடாது.

தாங்குசக்திக்கு நடை. காலையில் தக்கலைச் சந்தை வரைக்கும் போய்த் திரும்புங்கள். வழியில் பேச நிற்கக் கூடாது. உங்களுக்கு அதுதான் கஷ்டமாக இருக்கும்.

நிதானத்துக்கு: சுவர் பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்று, கண்ணைத் திறந்துகொண்டே ஒரு ஜெபம் சொல்லி முடியுங்கள். பிறகு மறுகால். கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை, ஒரு ஜெப நேரம் போதும்.

குளோரியைப் பக்கத்தில் நிறுத்தி எண்ணச் சொல்லுங்கள். அவளுக்கு எண்ண வரும்.

தேவகுமார்


மாங்கன்றுவிளை,
1931 செப்டம்பர் 21

தேவகுமாருக்கு.

படுத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

நாற்காலியும் முக்காலியும் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒற்றைக்காலில் ஒரு ஜெபம் என்றாய். நான் என் வழக்கப்படி தொடங்கினேன். இங்கிலாந்து ராஜாவுக்கு, நம் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கு, மிஷனரிமாருக்கு, விதவைகளுக்கு, வியாதியஸ்தருக்கு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, மழைக்கு, பனைக்கு, வாழைக்கு. காலில் விறுவிறு என்று எறும்பு ஊர்ந்தது. பாதியில் ஜெபத்தை விடலாமா? ஞானசிங்குக்குத் தாழ்மையைத் தந்தருளும் என்று நான் கேட்ட சமயம் விழுந்தேன். உரலில் இடித்துக் கணுக்கால் பூசணிக்காய்போல் வீங்கிவிட்டது. வைத்தியர் மூன்று வாரம் அசையாதே என்கிறார்.

ஞானசிங் பார்க்க வந்தார். "எப்படி வேய் விழுந்தீரு?" என்றார். "ஜெபத்துல" என்று குளோரி சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்ச் சிரித்தாள்.

பந்தயம் முடிந்தது. கிளார்க்கு வேலைக்கு மனு எழுத ஆரம்பி.

முத்துநாயகம்


சென்னை,
1931 அக்டோபர் 6

மாமாவுக்கு.

உங்கள் கடிதத்தை வாசித்து முதலில் பயந்தேன். பிறகு என்மேல் எனக்கே வெட்கமாக இருந்தது. எங்கள் கல்யாணத்தன்று நீங்கள் செய்த ஜெபத்தில் சோறு ஆறி, குழம்பு ஆறி, இலை வாடியது. அந்த ஜெபத்தைக் கேட்டவன் நான். உங்களைப் போய் ஒற்றைக்காலில் 'ஒரு ஜெபம்' சொல்லச் சொன்னேனே. தப்பு என்னுடையது.

இதே தப்பை இங்கேயும் செய்தேன். போன வாரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நான் டிரில் நடத்த வேண்டும், வாத்தியார் பார்த்து மதிப்பிடுவார். மைதானத்தை மூன்று சுற்று ஓடச் சொன்னேன். எனக்கு மூன்று சுற்று ஒன்றுமில்லை. ஒரு மெலிந்த பையன் இரண்டாவது சுற்றில் வாந்தி எடுத்து உட்கார்ந்துவிட்டான். வாத்தியார் எனக்குப் பூஜ்யம் போட்டார். "உன் உடம்பை வைத்து அவனுக்கு அளவு போட்டாய். முதலில் ஆளைப் பார், பிறகு அளவைச் சொல்" என்றார்.

ஆகவே இப்போது ஆளைப் பார்த்து எழுதுகிறேன். கணுக்கால் ஆறும்வரை அதை அசைக்க வேண்டாம். ஆனால் நாற்காலியில் இருந்துகொண்டு கையைத் தூக்கலாம், நல்ல காலை நீட்டலாம். ஆறிய பின்பு, முதல் வாரம் ஒற்றைக்காலில் ராஜாவுக்காக மட்டும் ஜெபியுங்கள். அத்துடன் ஆமென். இரண்டாம் வாரம் மகாராஜாவையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்புறம் மிஷனரிமார். வியாதியஸ்தரை வாரம் மூன்று பேருக்கு மேல் கூட்ட வேண்டாம். ஞானசிங்கைக் கிறிஸ்துமஸ் வரைக்கும் தொடவே கூடாது.

பந்தயத்தை முடிக்காதீர்கள், மாமா. நான் இங்கே ஆறு பேரோடு ஓர் அறையில் இருக்கிறேன். ஒருவருக்கும் என் பேச்சு புரியவில்லை, பாட்டுப் பாடுகிறேன் என்கிறார்கள். குளோரி இல்லாமல் எனக்கு இங்கே ஒன்றும் பிடிக்கவில்லை. இதை அவளுக்கு எழுத வெட்கமாக இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

தேவகுமார்


மாங்கன்றுவிளை,
1931 டிசம்பர் 14

அன்புள்ள மருமகனுக்கு.

உன் கடைசிக் கடிதத்தைக் குளோரியிடம் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வரும்போது கடிதம் வேறு மாதிரி மடிந்திருந்தது.

கணுக்கால் நன்றாகிவிட்டது. இப்போது உரலில் இருந்து கை ஊன்றாமல் எழும்புகிறேன். கால்விரலுக்கும் கைவிரலுக்கும் நடுவே நாலு விரற்கடை தூரம் பாக்கி. குளோரி எண்ணுகிறாள் என்று நினைத்தேன், பார்த்தால் அவளும் கூடவே செய்கிறாள். அவள் எடுத்த எடுப்பிலே விரலைத் தொட்டுவிட்டு என்னைப் பார்த்து, "பையப் பைய வரும்ப்பா" என்கிறாள். நான் பள்ளிக்கூடத்தில் மக்குப் பிள்ளைகளிடம் சொன்ன அதே வார்த்தை.

ஜெபத்தில் வியாதியஸ்தர் வரைக்கும் வந்தாயிற்று. வாரம் மூன்று பேர் என்றாய். இந்த வாரம் ஊரில் ஆறு பேருக்குக் காய்ச்சல். மூன்று பேரை வலது காலிலும் மூன்று பேரை இடது காலிலும் வைத்துக்கொண்டேன்.

தக்கலை போய்வருவது இலேசாகிவிட்டதால் பத்மநாபபுரம் வரைக்கும் போய்க் கோட்டையை வெளியே ஒரு சுற்றுச் சுற்றி வருகிறேன். யோசுவா எரிகோவைச் சுற்றியதுபோல் ஏழு நாள் சுற்றினேன், மதில் விழாமல் அப்படியேதான் இருக்கிறது. என் மூச்சிரைப்புத்தான் விழுந்தது.

வழியில் இனயத்து மீன்காரி வேளாங்கண்ணியைப் பார்த்தேன். தலையில் கடவம் நிறைய மீன், கிட்டத்தட்ட ஓட்டம். கூடவே வேகமாக நடந்துபோய், "இவ்வளவு தூரம் எப்படி அம்மா ஓடுகிறாய்?" என்று கேட்டேன். "நிண்ணா மீன் கெட்டுப் போவும், நீரு யாத்திரைக்குப் போறேரா, வழிய விடும்" என்றாள். அவளுக்கு எந்தச் சென்னை, எந்த வாத்தியார்? உடம்பு உழைத்தால் போதாதா? இதற்குப் பதில் எழுது.

முத்துநாயகம்


சென்னை,
1932 பிப்ரவரி 8

மாமாவுக்கு.

வேளாங்கண்ணி அக்காளின் கேள்வியை வாத்தியாரிடமே கேட்டேன். சிரித்தார். அவள் தாங்குசக்திக்கு நாங்கள் எல்லாரும் கும்பிட வேண்டும் என்றார். ஆனால் வேலை தனக்கு வேண்டிய குணத்தைத்தான் வளர்க்கும், மற்றதைக் கவனிக்காது என்றார். அவள் தலைக்கு மேலே கையைத் தூக்கி முதுகைத் திருப்ப முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் முப்பத்தைந்து வருஷம் நின்று பாடம் நடத்தினீர்கள். அதனால் கால் நிற்கப் பழகியது, குனியப் பழகவில்லை.

இனி தட்டோடு பழகுங்கள். வீட்டுப் பித்தளைத் தட்டில் புளியங்கொட்டையைப் பரப்பி, ஒரு முழ உயரத்துக்குக் குனிந்து நீட்டி, மூன்று எண்ணி, நிமிருங்கள். குனியும்போது இடுப்பை மட்டும் வளைக்காமல் முழங்காலையும் மடக்குங்கள். ஒரு கொட்டை விழுந்தாலும் மறுபடி முதலில் இருந்து.

ஒரு செய்தி. பரீட்சை எழுதும் முன்பே, திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் மாஸ்டராக என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரலில் சேர வேண்டும். சிறிய வீடும் தருவார்கள். நீங்கள் தோற்றுவிட்டால் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன், அவர்களுக்கு இல்லை என்று எழுதிவிடுவேன். அதனால் என் வேலையும் குளோரியும் இப்போது உங்கள் முழங்காலில்தான் இருக்கிறார்கள்.

தேவகுமார்


மாங்கன்றுவிளை,
1932 மார்ச் 28

அன்புள்ள மருமகன் தேவகுமாருக்கு.

நேற்று ஈஸ்டர். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போதகரிடம் முந்தின நாளே போய், தட்டு எனக்கு வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அவர் என் காலைப் பார்த்தார். அவருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழும்பிக் காட்டினேன். ஞானசிங் தட்டை விட்டுக்கொடுத்தார். ஆனால் ஆராதனையில் எனக்கு ஒரு எட்டுப் பின்னாலேயே வந்தார். "விழுந்தா பிடிக்கணும்லா" என்று காதில் சொன்னார். அவரைப் பற்றி நான் இதுவரைக்கும் செய்த ஜெபமெல்லாம் சரியா என்று அப்போது ஒரு சந்தேகம் வந்தது.

ஆண்கள் பக்கம் எட்டு வரிசை. ஒவ்வொருவருக்கும் குனிந்து, நீட்டி, மூன்று எண்ணி, நிமிர்ந்தேன். நாலாவது வரிசையில் தொடை நடுங்கியது. மூச்சை விட்டு, முழங்காலை மடக்கினேன், நடுக்கம் நின்றது. பெண்கள் பக்கம் வந்தேன். பாயில் நெருக்கி இருந்ததால் கால் வைக்க இடமில்லை. பல இடத்தில் ஒற்றைக்காலில் நின்றுதான் தட்டை நீட்டினேன். ஒரு துண்டு அப்பம் கீழே விழவில்லை. பின்னால் ஞானசிங்குக்குத்தான் மூச்சு வாங்கியது.

கடைசி வரிசையில் கடைசியாகக் குளோரி இருந்தாள். அவளுக்குக் குனிந்தேன். அவள் அப்பத்தை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தாள். அந்த நேரம் எனக்கு ஒரு நினைப்பு வந்தது, அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். இன்னும் ஒரு ஆள்தான் பாக்கி. இங்கே கொஞ்சம் தடுமாறினால் போதும். பின்னால் பிடிக்க ஆள் இருக்கிறது, எனக்கு அடிபடாது. வயசான மனுஷன் என்று எல்லாரும் பாவம் பார்ப்பார்கள். பந்தயம் தோற்கும். பிள்ளை வீட்டிலே இருப்பாள். திருவிருந்துத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படி நினைத்தேன், தேவகுமார். கர்த்தர் மன்னிக்க வேண்டும், நீயும் மன்னிக்க வேண்டும். ஜூலை மாதம் நாற்காலி, கிளார்க்கு என்று நான் எழுதியதெல்லாம் பிள்ளையை விடாமல் வைத்துக்கொள்வதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

குளோரிக்கு அது எப்படித் தெரிந்ததோ. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "நிமிருங்கப்பா, நான் எண்ணுதேன்" என்றாள் மெல்லிய சத்தத்தில். ஒன்று, இரண்டு, மூன்று. நிமிர்ந்தேன்.

நீ ஜெயித்தாய். உன் வாத்தியாரிடம் சொல். வெள்ளிக்கிழமை காலை மோட்டார் பஸ்ஸில் ஆரல்வாய்மொழி வழியாகக் குளோரியை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ திருநெல்வேலியில் வந்து நில். அவள் இப்போதே பெட்டியை மூன்று தடவை அடுக்கிவிட்டாள். பாட்டுப் பாடிக்கொண்டு அடுக்குகிறாள், நான் கேட்கிறேன் என்று தெரிந்தால் நிறுத்துகிறாள். பாடட்டும் என்று நான் வெளியே வந்து இதை எழுதுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நீ சொன்ன ஐந்து குணத்தில் நாலு எனக்கு வந்துவிட்டது. வீட்டில் ஒற்றை ஆளாக இருந்து பழகுவதற்கும் ஏதாவது பயிற்சி உண்டா? இருந்தால் உடனே எழுது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது, இப்போதே தொடங்கினால் கொஞ்சமாவது பழகும்.

அன்புடன் மாமன்,
முத்துநாயகம்